தரையில் ஓடிய படகு

அன்று காலை முதல் பிரஷாந்தினிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கதிரையில் உட்கார்ந்தாள். எழுந்தாள். வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்தாள். திரும்பி வந்து மேசையைப் பார்த்தாள். மேசையில் அப்பாவின் ஜி.பி.எஸ். கருவி பேசாமல் கிடந்தது. இவ்வளவு தொல்லைக்கும் தானே காரணம் என்று அதற்குத் தெரியாது.

பார்ப்பதற்கு அது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கையைவிடச் சற்று நீளம். ஓரமெல்லாம் தேய்ந்து, பொத்தான்களின் இடுக்கில் உப்புப் படிந்திருந்தது. ஆனால் நாலு பக்கமும் தண்ணீராக இருக்கும் நடுக்கடலில், ‘நீ நிற்கும் இடம் இதுதான்’ என்று அப்பாவுக்குச் சொல்ல அதைவிட்டால் வேறு ஆளில்லை.

அப்பா யோகநாதன் மீன்பிடிப்பவர். படகு எஞ்சினுக்கு ஏதோ சாமான் வாங்கவேண்டும் என்று காலையிலேயே முல்லைத்தீவுக்குப் புறப்பட்டுவிட்டார். புறப்படும்போது செருப்பைக் கொழுவிக்கொண்டே சொன்னார்:

“மத்தியானம் நிரோஜன் மாமா வருவார் பிள்ளை. உந்த மிசினுக்குப் புது மப், அதுதான் கடல் வரைபடம், போடலாமாம். போடுறதோ விடுறதோ எண்டு நீயும் அவருமாப் பாத்து முடிவெடுங்கோ. எனக்கு உந்த இங்கிலீசு ஒண்டும் விளங்காது.”

“நானோ அப்பா?”

“நீதானே எனக்கு உதைப் பழக்கினனி. ஒண்டு மட்டும் சொல்லுறன். நாளைக்கு விடியமுன்னம், இருட்டோட நான் கடலுக்குப் போகவேணும். தொடுவாயால பத்திரமாப் போய்ப் பத்திரமா வரவேணும். அதுக்கு எது நல்லதோ அதைச் செய்.”

அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கைத்தொலைபேசியை அலுமாரியின் மேலேயே மறந்துவிட்டுப் போனார். அப்பாக்களுக்கு இந்த மறதி முக்கியமான நாட்களில்தான் வரும்.

இப்போது தொடுவாய் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். அவர்களுடைய ஊரான நாயாற்றில், களப்பு என்கிற உப்பங்கழியும் கடலும் தொட்டுக்கொள்ளும் இடம்தான் தொடுவாய். படகுகள் களப்பில் கட்டி நிற்கும். கடலுக்குப் போக அந்த ஒரு வாய்தான் வழி. அதுவோ ஓரிடத்தில் ஒழுங்காக இருக்கிற வாயில்லை. மாரியில் வெள்ளம் வந்தால், மணலை உடைத்துக்கொண்டு தனக்குப் பிடித்த இடத்தால் திறக்கும். போன வருடம் பிள்ளையார் கோயிலுக்கு நேரே இருந்தது. இந்த மாரியில் கோயிலை விட்டுவிட்டு வடக்கே தள்ளிப் போய், தாழைப் புதர்களுக்குப் பக்கத்தில் திறந்திருக்கிறது.

வாய் நிறைய மணல் திட்டுகள் வேறு. பகலில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து விலகிப் போகலாம். இருட்டில் படகு திட்டில் ஏறிவிட்டால், பின்னால் வரும் அலை அதைப் புரட்டிப் போட்டுவிடும்.

புதுத் தொடுவாயால் அப்பா இரண்டொரு தடவைதான் போய்வந்தார். அதற்குள் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவித்தார்கள். இன்றுதான் கடல் அடங்கியிருக்கிறது.

ஆனால் அப்பா போய்வந்த அந்த வழி கருவிக்குள் இருந்தது. படகு போகப் போக, கருவி தானாகவே புள்ளி புள்ளியாக ஒரு கோடு போட்டுக்கொண்டு வரும். தம்பி லக்ஷன் அதற்கு ‘எறும்புக் கோடு’ என்று பெயர் வைத்திருந்தான். இருட்டில் அந்த எறும்புகளின் மேலேயே படகை ஓட்டிக்கொண்டு போனால் போதும், திட்டில் ஏறாது.

“பீப்” என்றான் லக்ஷன்.

அவனுக்கு ஏழு வயது. கருவியின் பொத்தானை அழுத்தும்போது வரும் சத்தத்தை அச்சாக அப்படியே எடுப்பான். அன்று காலையிலிருந்து அதே வேலைதான். தண்ணீர் குடித்தால் பீப். குசினிக் கதவைத் திறந்தால் பீப்.

“லக்ஷன், உதை நிப்பாட்டு. எனக்கு விசர் வருது” என்றாள் பிரஷாந்தினி.

“பீப்” என்றான் அவன், கொஞ்சம் மெதுவாக.

நிரோஜன் மாமா வரும்போது வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. அவர் அம்மாவின் தம்பி. வவுனியாவில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை. தோளில் மடிக்கணினிப் பை, முகத்தில் வியர்வை.

“அக்கா, சாப்பாடு ஒண்டும் வேண்டாம், தேத்தண்ணி போதும்” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். “பின்னேர பஸ்ஸை விட்டனெண்டால் நான் வவுனியா போய்ச் சேரமாட்டன். நாளைக்குக் கொழும்புக்குப் போறன், அங்க புது வேலை. இனிச் சித்திரை வருசத்துக்குத்தான் இந்தப் பக்கம். மப் போடுறதெண்டால் இண்டைக்குத்தான் போடவேணும்.”

மாமா கணினியைத் திறந்து புது வரைபடத்தைக் காட்டினார். பிரஷாந்தினி வாயைப் பிளந்தாள். கருவியில் இருந்த பழைய வரைபடத்துக்கு நாயாறு என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. திரை முழுவதும் வெறும் நீலம், அதன் மேல் எறும்புக் கோடு, அவ்வளவுதான். புதியதில் கரை பச்சையாக இருந்தது. ஆழமான கடல் கடும் நீலமாகவும் ஆழம் குறைந்த இடம் வெளிறிய நீலமாகவும் இருந்தன. கடலுக்கு அடியில் கல் இருக்கும் இடமெல்லாம் சின்னச் சிலுவைகள்.

“இந்தா பாருங்கோ அக்கா” என்று மாமா ஒரு சிலுவையைத் தொட்டுக் காட்டினார். “முந்தின மாதம் கனகலிங்கத்தாரின்ர போட் எஞ்சின் விசிறி உடைஞ்சதெண்டு சொன்னியள். இந்தக் கல்லாத்தான் இருக்கும்.”

அம்மா இலட்சுமி கையில் அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார். கல்லைக் கண்டதும் அவருக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

“உதைப் போடு நிரோஜன். வேற கதையில்லை.”

“போடலாம். அத்தான் குறிச்சு வைச்ச மீன் இடங்களெல்லாம் அப்பிடியே இருக்கும், ஒண்டும் அழியாது. ஆனா அந்தப் புள்ளிக் கோடு போயிடும்.”

“எறும்புக் கோடோ?” என்றாள் பிரஷாந்தினி.

லக்ஷன் பீப் சொல்வதை நிறுத்தினான்.

“பழைய மிசின்தானே பிரஷா. மப் மாறினால் கோடு அழியும். அதை எடுத்து வைக்க இதில வழியில்லை” என்றார் மாமா. “அதுக்கேன் யோசிக்கிறாய்? புது மப்பில தொடுவாயே வடிவாத் தெரியுது. பார்.”

பிரஷாந்தினி பார்த்தாள். மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். களப்பு இருந்தது. பிள்ளையார் கோயில் இருந்தது. தொடுவாய் கோயிலுக்கு நேரே இருந்தது.

தாழைப் புதர்கள் இருக்கும் இடத்தைத் தேடினாள். அங்கே பச்சை நிலம்தான் இருந்தது. ஒரு துளி நீலம்கூட இல்லை.

“மாமா, இது எப்பத்தைய மப்?”

“புத்தம் புதுசு. போன கிழமைதான் வந்தது.”

“வந்தது போன கிழமை. படம் எடுத்தது எப்ப?”

மாமா தலையைச் சொறிந்தார். “அது… மேலயிருந்து எடுத்து, பிறகுதானே கீறுவினம். போன வருசமா இருக்கும்.”

“போன வருசம் தொடுவாய் கோயிலடியில. இந்த வருசம் தாழையடியில.”

குசினியில் கறி அடிப்பிடிக்கும் மணம் வந்தது. அம்மா ஓடிப் போனார்.

புது வரைபடத்துக்குக் கல் தெரியும், வாய் தெரியாது. பழைய கருவிக்கு வாய் தெரியும், கல் தெரியாது. அப்பாவுக்கோ இரண்டும் தெரிந்தாகவேண்டும். பிரஷாந்தினி போடச் சொல்ல வாயெடுப்பாள். திட்டில் ஏறிய படகு கண்ணுக்குள் வரும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பாள். உடைந்த விசிறி கண்ணுக்குள் வரும்.

“கெதியா முடிவெடு பிரஷா. பஸ் எனக்காக நிக்காது” என்றார் மாமா.

“இப்ப வாறன் மாமா.”

உட்கார்ந்த இடத்தில் யோசனை வராத பிள்ளை அவள். எழுந்து ஓடினால்தான் வரும். களப்புக் கரைக்கு ஓடினாள். லக்ஷனும் பின்னால் ஓடினான்.

கரையில் ஒரே ஒரு ஆள்தான் நின்றார். கனகலிங்கம் பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை, அடுத்த வளவுக்காரர். தன் படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“கடலுக்கோ பெரியப்பா?”

“ஓம் பிள்ளை. வலையைப் போட்டுட்டுப் பொழுதுபடமுன்னம் வந்திடுவன். தூரம் போகேல்ல. அந்தக் கல்லை நினைச்சால் இப்பவும் நெஞ்சு பதறுது.”

பிரஷாந்தினி அவரைப் பார்த்தாள். அவருடைய படகைப் பார்த்தாள். தாழையடியில் மினுங்கிய தொடுவாயைப் பார்த்தாள்.

இவர் இப்போது அந்த வாயால் போவார். திரும்பி அதே வாயால் வருவார். அப்பாவின் கருவியும் அவரோடு போய்வந்தால், புது வரைபடத்தின் மேல் புது எறும்புக் கோடு விழுந்துவிடும்.

நல்ல யோசனைதான். ஆனால் அதில் மலை போல ஒரு சிக்கல் இருந்தது.

நாயாற்றில் எந்த மீனவரும் தன் ஜி.பி.எஸ்ஸை இன்னொரு மீனவரின் கையில் கொடுக்கமாட்டார். பல் தீட்டும் பிரஷ்ஷைக் கொடுத்தாலும் கொடுப்பார். எங்கே மீன் நிற்கும், எங்கே வலை போடலாம் என்று வருடக்கணக்காகக் கண்டுபிடித்து வைத்த இடங்களெல்லாம் அதற்குள்தான் இருக்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால், அவர் மீன் படமும் நங்கூரப் படமுமாகக் குறித்து வைத்திருந்தார். திறந்து பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

அதிலும் கனகலிங்கம் பெரியப்பா. ஒருமுறை இவர் அப்பாவின் படகுக்குப் பின்னாலேயே வந்து, அப்பாவின் மீன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதையில்லை. வீதியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் மதகைப் பார்ப்பார், மற்றவர் தென்னை மரத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகு எந்தப் படகு பின்னால் வந்தாலும் அப்பா நேரே போகமாட்டார். வடக்கே போய், தெற்கே திரும்பி, சுற்றிச் சுற்றி ஓடி, அவர்களுக்குத் தலை சுற்றிய பிறகுதான் தன் இடத்துக்குப் போவார்.

“அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் இவரோட போட்டில போவமோ?” என்றான் லக்ஷன் ரகசியமாக.

“அம்மா தோலை உரிப்பா. பேசாமல் வா.”

திரும்பி வரும் வழி முழுவதும் அவளுக்கு ஒரே படபடப்பு. கருவியைக் கொடுக்கவேண்டும், ஆனால் காட்டக்கூடாது. கொடுக்கவேண்டும். காட்டக்கூடாது. படலையைத் திறக்கும்போது ஒன்று தோன்றியது. அங்கேயே நின்றுவிட்டாள்.

கோடு போடுகிற கருவியை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்ன?

“மாமா!” உள்ளே ஓடினாள். “உதை மூடி வைச்சாலும் கோடு போடுமோ?”

“எதால மூடி?”

“சாப்பாட்டுப் பெட்டியால.”

மாமா சிரிக்கப் பார்த்தார். அவளுடைய முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். “பிளாஸ்ரிக் பெட்டி எண்டால் போடும். சில்வர் பெட்டிக்குள்ள வைச்சால் போடாது.”

பிரஷாந்தினி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அகப்பையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“கனகலிங்கத்தாரிட்டயோ? அப்பா அறிஞ்சால் என்ன சொல்லுவார்?”

“தெரியேல்ல அம்மா. ஆனா அப்பா பத்திரமாப் போய் வரவேணும் எண்டவர். கல்லும் தெரியவேணும், வாயும் தெரியவேணும். வேற வழி எனக்குத் தெரியேல்ல.”

அம்மா இடுப்பிலிருந்து அகப்பையை எடுத்தார். பிறகு, “உன்னட்டத்தானே விட்டிட்டுப் போனவர்” என்றார்.

பிரஷாந்தினி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“போடுங்கோ மாமா.”

மாமா வயரைச் செருகினார். கணினித் திரையில் ஒரு நீளக் கட்டம் வந்தது. அது மெல்ல மெல்ல நிரம்பியது. நிரம்பியது என்றா சொன்னேன்? ஊர்ந்தது. பாதியில் வந்து படுத்துக்கொண்டது.

“ஏன் நிக்குது?” என்றாள் பிரஷாந்தினி.

“யோசிக்குதாக்கும்.”

“இப்பவும் நிக்குது மாமா.”

“நீ பாக்கிறதாலதான் வெக்கப்படுது. அங்கால போ.”

அவள் அங்கால் போனாள். இங்கால் வந்தாள். அம்மா கொண்டுவந்த தேநீர் மேசையில் ஆறிப்போனது. தூரத்தில் வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டது. மாமா ஒரு காலில் சப்பாத்தைப் போட்டார். கட்டம் கொஞ்சம் நகர்ந்தது. மறு காலிலும் போட்டார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடியும் ஹோர்ன், இப்போது கிட்டத்தில்.

கட்டம் நிரம்பியது. மாமா வயரைப் பிடுங்கி, கணினியைப் பையில் திணித்து, “பிரஷா, கெட்டிக்காரி, வாறன்” என்று சொன்னபடியே வீதிக்குப் பறந்தார். ஆறின தேநீரை லக்ஷன் குடித்தான்.

பிரஷாந்தினி கருவியைப் பார்த்தாள். பச்சைக் கரை, நீலக் கடல், சிலுவைகள், அப்பாவின் மீன் படங்கள். எல்லாம் வந்திருந்தன. எறும்புகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. இனி இதைத் திருப்பி எடுக்க மாமாவும் இல்லை.

தன் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தாள். கருவியை ஒரு துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடினாள். அப்பா வலை பின்னும் தங்கூசி நூலால் பெட்டியைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி இறுக்கிக் கட்டினாள். முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. கட்டியவளுக்கே அவிழ்க்க வராது போலிருந்தது.

கரைக்கு ஓடியபோது கனகலிங்கம் பெரியப்பா படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா, நில்லுங்கோ. இதையும் கொண்டு போய்க் கொண்டு வருவியளோ?”

அவர் பெட்டியை வாங்கி மூக்கருகே பிடித்தார். “என்ன பிள்ளை, எனக்குச் சாப்பாடோ? மீன் குழம்பு மணக்குது.”

“சாப்பாடு இல்லை. அப்பாவின்ர ஜி.பி.எஸ்.”

பெரியப்பாவின் கை அப்படியே நின்றது. பெட்டி திடீரென்று சூடாகிவிட்டது போல அதைத் தள்ளிப் பிடித்தார்.

“கொப்பர் தந்துவிட்டவரோ?”

பொய் சொல்லலாம். சொன்னால் சுகமாக முடிந்துவிடும். ஆனால் அவளுக்கு அது வரவில்லை.

“இல்லை. அப்பாவுக்குத் தெரியாது. நான்தான் கொண்டு வந்தனான். பழைய வழி அழிஞ்சு போச்சு. நீங்கள் தொடுவாயால போய் வந்தால், அது தானா வழியை எழுதும். நாளைக்கு இருட்டில அப்பாவுக்கு அந்த வழி வேணும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நீங்கள் பெட்டியைத் திறக்கவேண்டாம், பெரியப்பா.”

அவர் பெட்டியைப் பார்த்தார். முடிச்சுகளைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கழற்றி உதறினார். உள்ளே அரைக் காற்சட்டை போட்டிருந்தார். பெட்டியை அந்தச் சாரத்தில் சுற்றி, படகின் முன்பக்கம் தண்ணீர் படாத இடத்தில் வைத்தார். எஞ்சின் இரைந்தது. படகு போய்விட்டது.

“அக்கா” என்றான் லக்ஷன். “மிசினை ஓன் பண்ணித்தானே வைச்சனி?”

பிரஷாந்தினி எல்லாவற்றையும் மனதுக்குள் திருப்பிச் செய்து பார்த்தாள்.

துணியைச் சுற்றியது நினைவிருந்தது. பெட்டியை மூடியது நினைவிருந்தது. முடிச்சுப் போட்டது நன்றாகவே நினைவிருந்தது. பொத்தானை அழுத்தியது மட்டும் நினைவில்லை. வயரைப் பிடுங்கும்போது மாமா கருவியை நிறுத்தினாரா? அவள் பார்த்தபோது திரை வெளிச்சமாக இருந்ததே. துணியால் சுற்றும்போது விரல் பட்டு நின்றிருக்குமா?

“நான் பீப் சத்தம் கேட்டனான்” என்றான் லக்ஷன் ஆறுதலாக.

“அது மிசின் போட்ட பீப்போ, நீ போட்ட பீப்போ?”

லக்ஷன் நீண்ட நேரம் யோசித்தான். “தெரியேல்ல” என்றான். அவன் அழத் தயாராகிவிட்டான்.

“சரி, சரி. அழாதை” என்று அவனுடைய தலையைத் தடவினாள். அவளுக்கே அழுகை வந்தது.

வீட்டுக்குப் போனாள். திரும்பக் கரைக்கு வந்தாள். கோழிக்குத் தீனி போட்டாள், போட்டதை மறந்து மறுபடியும் போட்டாள். கோழிகளுக்கு அன்று நல்ல காலம்.

பெரியப்பாவுக்கு முன்னால் அப்பா வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் முதல் கேள்வி அதுதான்.

“மப் போட்டாச்சோ? எங்க மிசின்?”

பிரஷாந்தினி ஒன்றுவிடாமல் சொன்னாள். கல்லைச் சொன்னாள், கோயிலடியையும் தாழையடியையும் சொன்னாள், சாப்பாட்டுப் பெட்டியைச் சொன்னாள். கனகலிங்கம் பெரியப்பாவின் பெயரைச் சொல்லும்போது அவளுடைய குரல் நூலாகிவிட்டது. ஓன் பண்ணினேனா என்று தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட்டாள்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. பேசாமல் கரைக்கு நடந்தார். மூன்று பேரும் அவருக்குப் பின்னால் நடந்தார்கள்.

வெயில் சாய்ந்து களப்புத் தண்ணீர் செம்மஞ்சளாகியது. கொக்குகள் போயின. பிரஷாந்தினி விரல் நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டாள்.

கடைசியில் தாழையடிப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. கனகலிங்கம் பெரியப்பாவின் படகு தொடுவாயால் மெதுவாக வளைந்து வளைந்து வந்தது. கரையில் அப்பா நிற்பதைக் கண்டதும் அவர் வழக்கம்போலத் தென்னை மரத்தைப் பார்த்தார். பிறகு சாரத்தை அவிழ்த்துப் பெட்டியை எடுத்து, பிரஷாந்தினியின் கையில் கொடுத்தார்.

முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. எல்லாம் போட்டபடியே இருந்தன. அப்பா அவற்றைத் தடவிப் பார்த்தார். அவிழ்க்க முயன்றார், முடியவில்லை. பல்லால் கடித்து அறுத்தார். துணியை விலக்கினார்.

திரை வெளிச்சமாக இருந்தது.

“நான் சொன்னனானே, மிசின்தான் பீப் போட்டது” என்றான் லக்ஷன்.

அப்பா கருவியைக் கண்ணருகே கொண்டுபோனார். புருவத்தைச் சுருக்கினார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரோ என்று பிரஷாந்தினி பயந்துபோனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“கனகண்ணை” என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் பெரியப்பாவைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. “நீங்கள் போட்டைத் தரையில ஓட்டியிருக்கிறியள்.”

பிரஷாந்தினி எட்டிப் பார்த்தாள். புது வரைபடத்தில் தாழையடி இன்னும் பச்சை நிலம்தான். அந்தப் பச்சைக்கு நடுவே, எறும்புக் கோடு ஒன்று வளைந்து நெளிந்து அழகாகப் போய் நீலக் கடலில் இறங்கியிருந்தது. படம் கீறியவர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள்.

கனகலிங்கம் பெரியப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். “எனக்குக் காட்டாதை யோகன். உன்ர இடங்கள் கிடக்கும்.”

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பிறகு படகருகே போய், கருவியை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார்.

“பாருங்கோ அண்ணை. இந்தச் சிலுவை இருக்கெல்லோ, இதுதான் உங்கட விசிறியை உடைச்ச கல். இந்தப் பக்கத்தால ஒதுங்கிப் போகலாம்.”

பெரியப்பா கல்லை மட்டும் பார்த்தார். விரலால் அதைச் சுற்றி வழி பிடித்துப் பார்த்தார். மீன் படங்களின் பக்கம் அவருடைய கண் போகவே இல்லை.

“நாளைக்கு விடிய நீங்களும் வெளிக்கிடுறியளோ?” என்று கேட்டார் அப்பா.

“எங்க, கல்லுக்குப் பயத்தில நான் தூரம் போறேல்லையே.”

“அப்ப எனக்குப் பின்னால வாங்கோ.”

அதைக் கேட்டு அம்மா பிரஷாந்தினியைப் பார்த்தார். பிரஷாந்தினி அம்மாவைப் பார்த்தாள்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே எஞ்சின் சத்தம் கேட்டு அவள் விழித்துவிட்டாள். அம்மாவோடு வேலியருகே போய் நின்றாள். இருட்டில் படகுகள் தெரியவில்லை. இரண்டு விளக்குகள்தான் தெரிந்தன, ஒன்றன் பின் ஒன்றாக. முதல் விளக்கு எறும்புக் கோட்டில் வளைந்து, நெளிந்து, எங்கும் முட்டாமல், தொடுவாயைத் தாண்டிக் கடலில் இறங்கியது.

இறங்கியதும் அது வடக்கே ஓடவில்லை. தெற்கே திரும்பவில்லை. சுற்றிச் சுற்றி வரவுமில்லை. வேகத்தைக் குறைத்து, பின்னால் வரும் விளக்குக்காகக் காத்து நின்றது. இரண்டும் சேர்ந்த பிறகு ஒன்றாகப் போயின.

பிரஷாந்தினி வீட்டுக்குள் வந்தாள். நேற்று முழுவதும் உட்காரவே விடாத அந்தக் கதிரையில் காலைத் தூக்கி வைத்துச் சாய்ந்துகொண்டாள். அம்மா தேநீரோடு வந்து பார்த்தபோது அவள் நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.